பிலிப்பி ஊருக்குப் போன கடிதமும் எங்கள் ஊர்ச் செத்தவீடும்

எங்கள் பகுதியில் யாராவது இறந்தால் அதை ஊருக்குச் சொல்கிறவன் நான். ஓட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழல்களைக் கட்டிக்கொண்டு, தெல்லிப்பழையிலிருந்து கீரிமலை வரை உள்ள ஒழுங்கைகளில் மெல்ல ஊர்ந்து, இன்னார் இறைவனடி சேர்ந்தார் என்று அறிவிப்பது என் தொழில். இப்போதெல்லாம் மரணச் செய்தி வாட்ஸ்அப்பில் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னமே கனடாவில் இருக்கிறவர்கள் அழுது முடித்துவிடுகிறார்கள். ஆனாலும் என் குரலில் வந்தால்தான் ஒருவர் செத்ததை எங்கள் ஊர் முழுமனதாக ஒப்புக்கொள்ளும்.

கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று வேறு அறிவிப்புகளும் செய்வதுண்டு. எதை அறிவித்தாலும் கேட்கிறவர்கள் முதலில் ஒரு கணம் திடுக்கிடுவார்கள். ஒருமுறை ஓட்டப் போட்டியில் முதலாம் இடம் பெற்ற பிள்ளையின் பெயரை நான் வாசித்தபோது அவளுடைய பெரியம்மா மைதானத்திலேயே குந்தியிருந்து அழுதுவிட்டார்.

நாங்கள் சைவக் குடும்பம். எங்கள் வளவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. அறுப்பின் பண்டிகைக்கு ஒலிபெருக்கி கட்டிக் கொடுப்பதைத் தவிர அதற்கும் எனக்கும் வேறு தொடர்பு இருக்கவில்லை. ஒரு மழைக்காலப் பின்னேரம் அங்கே புதிதாக வந்திருந்த போதகர் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். இளம் மனிதர், வன்னிப் பக்கத்தைச் சேர்ந்தவர்.

“அண்ணை, நீங்கள் எங்களுக்கு ஒரு கடிதம் வாசிச்சுத் தரவேணும்” என்றார்.

“ஆர் மோசம் போனது?” என்றேன். யார் செத்தது என்பது என் வாயில் தானாக வருகிற கேள்வி.

“ஒருத்தருமில்லை. எழுதினவர் செத்து ரெண்டாயிரம் வருசமாகப் போகுது.”

“அப்ப ஏன் இவ்வளவு காலமும் அறிவிக்காமல் விட்டவை?” என்று குசினிக்குள் இருந்து என் மனைவி கேட்டாள்.

போதகர் விளக்கினார். அவர்களுடைய திருமறையில் நிறையக் கடிதங்கள் இருக்கின்றனவாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைத் துண்டு துண்டாக, நாலைந்து வரிகளாக வாசிப்பார்களாம். கடிதம் என்றால் முழுவதையும் ஒரே மூச்சில் அல்லவா வாசிக்க வேண்டும், முதன்முதலில் கேட்ட ஊரார் அப்படித்தானே கேட்டிருப்பார்கள் என்று இவருக்கு ஒரு எண்ணம். சபையில் நன்றாக வாசிக்கக்கூடியவர் ஒருவர்தான். கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் மணியையே அமுக்கிவிடும் குரல். அவரோ டெங்குக் காய்ச்சலோடு தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“எங்களை எல்லாம் நல்லாப் பயப்பிடுத்திப் போட்டார் அண்ணை. இப்ப பரவாயில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு வரமாட்டார். மற்ற ஆக்கள் வாசிச்சால் அவையின்ரை சட்டைப் பொத்தானுக்குத்தான் கேக்கும்.”

“நான் திருநீறு பூசுற ஆள், ஐயா.”

“பூசிக்கொண்டு வாங்கோ. குரல்தான் எங்களுக்கு வேணும்.”

எனக்கு ஒரு கொள்கை உண்டு. விளங்காத எதையும் நான் வாசிப்பதில்லை. மரண அறிவித்தலில் யார் மருமகன், யார் மைத்துனர் என்று கேட்டு நிச்சயப்படுத்தாமல் மைக்கைத் தொடமாட்டேன். மாறி வாசித்தால் அந்த வீட்டில் அடுத்த உயிர் போய்விடும். இதைச் சொன்னதும் போதகர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, தேங்காயும் திருவலையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினாள்.

கடிதம் போன ஊரின் பெயர் பிலிப்பி. மக்கெதோனியாவில், ரோமர் போட்ட பெரிய தெருவோரம் இருந்த பட்டணம். ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கு ரோம அரசு அங்கே காணி கொடுத்துக் குடியேற்றியிருந்தது. அந்த ஊர்க்காரருக்கு ரோமக் குடியுரிமை உண்டு. அதில் அவர்களுக்குத் தலைகொள்ளாத பெருமை.

“கனடா பாஸ்போட் மாதிரியோ?” என்றாள் மனைவி.

“அப்பிடித்தான் அக்கா. இருக்கிறது மக்கெதோனியாவிலை, கதைக்கிறது முழுக்க ரோமாபுரியைப் பற்றி. அதாலைதான் இந்தக் கடிதத்தை எழுதின அப்போஸ்தலர் சொல்லுறார், எங்கடை குடியுரிமை பரலோகத்திலை இருக்குதெண்டு.”

“அதுக்கு விசா எடுக்கிறது இன்னும் கரைச்சல்” என்று சொல்லிவிட்டு அவள் தேங்காயைத் திருவத் தொடங்கினாள்.

அந்த ஊரில் முதலில் நம்பியவர்கள் ஆற்றங்கரையில் கூடிச் செபித்த சில பெண்கள். அவர்களில் ஒருத்தி விலையுயர்ந்த ஊதாத் துணி விற்கும் வியாபாரி. அவள் தன் வீட்டைத் திறந்துவிட, அதுவே முதல் சபையாகிவிட்டது. அப்போஸ்தலர் அதே ஊரில் அடியும் வாங்கி மறியலிலும், அதுதான் சிறையிலும், இருந்தவர். பிறகு வேறோர் ஊரில் மறுபடியும் மறியல். ரோமாபுரியோ எபேசோ, எந்த ஊர் என்பதில் படித்தவர்களுக்குள் இன்னும் பிடுங்குப்பாடாம். அந்தக் காலத்துச் சிறையில் சாப்பாடு தரமாட்டார்கள்; வெளியில் இருக்கிறவர்கள்தான் பார்க்க வேண்டும். பிலிப்பி ஊரார் சேர்த்த உதவியை ஓர் ஆளிடம் கொடுத்து அனுப்பினார்கள். போன இடத்தில் அந்த ஆள் நோயில் விழுந்து சாகக் கிடந்தார். செய்தி ஊருக்கு எட்டிவிட்டது. தான் நோயாய்க் கிடந்ததை ஊரார் கேள்விப்பட்டுவிட்டார்களே என்று அவருக்கு அதைவிடப் பெரிய கவலை. சுகமானதும் அப்போஸ்தலர் அவரைத் திருப்பி அனுப்புகிறார். கூடவே இந்தக் கடிதமும் போகிறது.

நான் கொஞ்சம் யோசித்தேன். “அப்ப கொண்டுபோனது அந்த ஆள்தானே? வாசிச்சதும் அவரோ?”

“இருக்கலாம். உறுதியாச் சொல்லேலாது.”

“அவர்தான் வாசிச்சவர் எண்டால், ‘இந்த ஆள் சாகக் கிடந்து தப்பினவர், இவரைப் போன்ற ஆக்களை மதியுங்கோ’ எண்டு தன்ரை வாயாலையே எல்லோ வாசிச்சிருப்பார்?”

போதகர் அப்படி ஒருநாளும் யோசித்ததில்லைப் போலும். சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்திவிட்டது. நான் பகிடியாகக் கேட்கவில்லை. என் மாமனாரின் மரண அறிவித்தலை நானே வாசித்தவன். ‘பாசமிகு மருமகன்’ என்று வந்த இடத்தில் இருமிச் சமாளித்தேன்.

கடிதத்தின் முடிவில் அப்போஸ்தலர் நன்றி சொல்கிறார். நீங்கள் அனுப்பியது மெத்தச் சந்தோசம், எனக்குத் தேவை என்பதற்காகச் சொல்லவில்லை, நிறைவிலும் குறைவிலும் இருக்கப் பழகிவிட்டேன், ஆனாலும் நீங்கள் அனுப்பியது நல்லதுதான் என்கிற மாதிரிப் போகிறது.

“உது எங்கடை ஆக்கள் வெளிநாட்டுப் பார்சல் வந்தால் கதைக்கிற கதையெல்லோ!” என்றாள் மனைவி. “ஏன் வீணா அனுப்பினனீங்கள், எங்களுக்கு ஒண்டும் தேவையில்லை எண்டு சொல்லிக்கொண்டே பெட்டியை உடைக்கிறது.”

“ஆனால் இவர் உண்மையாவே பழகினவர், அக்கா” என்றார் போதகர். “நாளைக்குக் கொல்லுவினமோ விடுவினமோ தெரியாது. அந்த நிலைமையிலை இருந்துகொண்டு சந்தோசமா இருங்கோ, சந்தோசமா இருங்கோ எண்டு திரும்பத் திரும்ப எழுதுறார்.”

கடிதத்தின் நடுவில் ஒரு பகுதி பாட்டுப் போல இருந்தது. கடவுளின் நிலையில் இருந்தவர் அதைப் பிடித்துக்கொண்டிராமல் தன்னை வெறுமையாக்கி, அடிமையாகி, சாவு வரைக்கும் இறங்கிப் போனார். அதனால் கடவுள் அவரை எல்லாவற்றுக்கும் மேலே உயர்த்தினார் என்று வரும். அது இந்தக் கடிதத்துக்கு முன்னமே பாடப்பட்ட பாட்டாக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்களாம். மற்றவனை உன்னிலும் மேலாக நினை என்று ஊராருக்குப் புத்தி சொல்ல வந்தவர், அதற்கு உதாரணமாகத்தான் இதை எடுத்து வைக்கிறார் என்றார் போதகர். நான் அதை அங்கேயே ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். குரலைப் படிப்படியாகக் கீழே இறக்குவது எனக்குக் கைவந்த வேலை. இறக்கிக்கொண்டு போனபோது திருவலைச் சத்தம் நின்றுவிட்டது.

“முடிவிலை ரெண்டு பொம்பிளையளின்ரை பேர் வரும்” என்று எழும்பிக்கொண்டே சொன்னார் போதகர். “சபையிலை கஸ்டப்பட்டு வேலை செய்த ஆக்கள், என்னவோ மனக்கசப்பு. ஒருமனப்படுங்கோ எண்டு கேக்கிறார். அது பெரிய விசயமில்லை, கெதியா வாசிச்சுக்கொண்டு போங்கோ.” அவர் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் தேவாலயத்தின் அம்பிளிபயர் வேலை செய்யவில்லை. மழை ஈரம் குடித்துவிட்டது. நான் ஓட்டோவை வாசலில் விட்டு, என் அம்பிளிபயரிலிருந்து உள்ளே வயர் இழுத்து, ஒரு ஸ்பீக்கர் பெட்டியை முன்னால் வைத்தேன். ஓட்டோவின் கூரையில் இருந்த குழல்களின் சுவிட்சை நிறுத்தினேன். அதுவும் மழையில் நனைந்த சுவிட்ச்தான். நான் நிறுத்தினேன், அது நிற்கவில்லை. உள்ளே இருந்த எனக்கு அது தெரியாது.

ஆராதனை தொடங்கியது. இடப்பக்கம் பாடகர் குழு, வலப்பக்கம் ஓர்கன். முதல் பாட்டில் பாடகர்கள் பாடி முடித்து உட்கார்ந்த பிறகும் ஓர்கன் தன்பாட்டில் இன்னும் ஒரு வரி வாசித்து முடித்தது. அவர்கள் வழக்கம் அதுவாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். உண்மை பிறகுதான் தெரிய வந்தது. குழுவை நடத்துகிறவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மனேச்சரின் மனைவி. ஓர்கன் வாசிக்கிறவர் மனேச்சரின் தங்கை. ஓர்கன் பிரேதத்துக்குப் பின்னால் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று அண்ணி சொல்லப்போக, நீங்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரிப் பாடுகிறீர்கள் என்று தங்கை சொல்ல, அன்றிலிருந்து மச்சாள்மார் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் போகிற வேகத்துக்கு மற்றவர் வருவதுமில்லை.

என் முறை வந்தது. திருநீற்றோடு போய் மைக்கின் முன்னால் நின்றேன். அந்தக் காலத்துக் கடிதத்தில் எழுதுகிறவரின் பெயர்தான் முதலில் வரும். அது எனக்கு வசதி. யார் யாருக்கு என்று அறிவித்துத் தொடங்கினேன். சனங்கள் செத்தவீட்டு வாங்குப் பலகையில் இருப்பதுபோல நிமிர்ந்து இருந்தார்கள். சிறையில் இருக்கிறேன் என்ற இடத்தில் நிறுத்தினேன். வாழ்வதும் சரி, சாவது அதைவிட நல்லது என்ற இடத்தில் அழுத்தினேன். பாட்டுப் பகுதியில் குரலை இறக்கினேன், ஒருவரும் இருமவில்லை. சாகக் கிடந்த ஆளின் கதையையும் அவரைச் சந்தோசமாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோளையும் உருக்கமாகவே வாசித்தேன்.

பிறகு அந்த இரண்டு பெண்கள் வந்தார்கள். முக்கியமான செய்தியை ஒழுங்கையின் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை சொல்வது என் வழக்கம். கடிதமும் அதற்கு ஏற்றாற்போல எழுதப்பட்டிருந்தது. முதலாமவளை வேண்டிக்கொள்கிறேன் என்று வர, பாடகர் குழுவின் பக்கம் திரும்பி வேண்டினேன். இரண்டாமவளை வேண்டிக்கொள்கிறேன் என்று வர, ஓர்கன் பக்கம் திரும்பி வேண்டினேன். ஒருமனமாக இருங்கள் என்று நடுவில் நின்று சொன்னேன். பழக்க தோசத்தில் “மீண்டும் அறியத் தருகிறோம்” என்று எல்லாவற்றையும் இன்னொரு முறை வாசித்தேன்.

யாரோ பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டார்கள். மனேச்சரின் மனைவி கழுத்துவரை சிவந்துபோனார். ஓர்கனில் ஒரு கட்டை தானாக முனகியது. அடுத்த வரியில் அப்போஸ்தலர் ‘உண்மையான தோழனே’ என்று யாரையோ கூப்பிட்டு, இந்தப் பெண்களுக்கு உதவி செய் என்கிறார். அந்தத் தோழன் யாரென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாதாம். எங்கள் ஊர்த் தேவாலயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முழுச் சபையும் திரும்பிப் போதகரைப் பார்த்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஆராதனை முடிந்து கதவைத் திறந்தால் வாசலில் சனக்கூட்டம். எல்லாருக்கும் முன்னால் குடையோடு என் மனைவி.

“உங்கடை குழல் ரெண்டும் வேலை செய்யுதப்பா! போனையும் நிப்பாட்டிப் போட்டு நிக்கிறியள். ஊரிலை செத்தவீடு தொடங்கியிட்டுது!”

“ஆரின்ரை செத்தவீடு?”

“மனேச்சரின்ரை! இது பழைய கடிதம், பழைய கடிதம் எண்டு நான் சொல்லிப் பாத்தன். உங்கடை குரல் கேக்குது, நான் சொல்லுறதை ஆர் நம்புறது?”

ஊர் கேட்டது இதுதான்: தேவாலயத்திலிருந்து என் குரல், சாவு, நோயில் கிடந்தார், அவரை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதத்தைக் கொண்டு வருகிறார்கள் என்று எல்லாரும் விளங்கிக்கொண்டார்கள். மனேச்சரின் ஒழுங்கையில் வெள்ளைக்கொடி கட்டியாகிவிட்டது. கதிரைகளும் வந்து இறங்கிவிட்டன.

மச்சாள்மார் இரண்டு பேரும் வெளியே வந்தபோது கூட்டத்தில் யாரோ அவர்களைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார். அவ்வளவுதான். கடிதம்தான் காரணம் என்று நான் சொன்னது அவர்கள் காதில் ஏறவில்லை. மனேச்சருக்குப் போன் எடுத்தால் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. இரண்டு பேரும் என் ஓட்டோவுக்குள் ஏறிவிட்டார்கள். போதகரும் ஓடிவந்து ஏற, அவருக்கு இரண்டு பேருக்கும் நடுவில்தான் இடம் கிடைத்தது.

“கெதியா விடுங்கோ!” என்றார் மனேச்சரின் மனைவி.

“ஆறுதலா விடுங்கோ, ரோட்டெல்லாம் பள்ளமும் கிடங்கும்!” என்றார் தங்கை.

“அங்கை என்ன நிலைமை எண்டு தெரியாது, ஆறுதலாம்!”

“நாங்களும் போய்ச் சேரவேணுமெல்லோ!”

பல காலத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. நான் ஒருவரின் சொல்லுக்குக் கொஞ்சம் முடுக்கி, மற்றவரின் சொல்லுக்குக் கொஞ்சம் குறைத்து ஓட்டினேன். குழல் கட்டிய ஓட்டோவையும் உள்ளே அழுகிற பெண்களையும் கண்டு, தெருவில் போனவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நின்று மரியாதை செய்தார்கள். நடுவில் இருந்த போதகர் அவர்களுக்குத் தலையசைத்துக்கொண்டே வந்தார்.

நாங்கள் போய்ச் சேர, பகல் நோயாளர் பார்வை நேரம். மனேச்சர் கட்டிலில் சாய்ந்திருந்து போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

“ஓம்… ஓம் தம்பி… நானும் இப்பதான் கேள்விப்பட்டனான்… எப்ப எடுக்கிறதோ? செவ்வாய்க்கிழமை துண்டு வெட்டி வீட்டை விடுவினம் எண்டு டொக்டர் சொன்னவர்… மாமியோ? மாமி வீட்டை நிப்பா, நீ அழாதை…” எங்களைக் கண்டதும் போனைத் தாழ்த்தினார். “கனடாவிலை இருந்து மருமோன். துக்கம் விசாரிக்கிறான்.”

மனேச்சரின் மனைவி அவருடைய ஒரு கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக நின்றார். தங்கை மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மேசையில் இருந்த போத்தலை எடுத்து, “மச்சாள், தண்ணி குடியுங்கோ” என்றார்.

“நான் செத்தால்தான் நீங்கள் ரெண்டு பேரும் கதைப்பியளோ?” என்றார் மனேச்சர். நான் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், அவர் முகம் வாடிவிட்டது. “ஐயோ, சனம் கவலைப்படப் போகுதே. காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டே நித்திரை கொள்ளாத ஆக்கள் இருக்கினம்.”

போதகர் கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். “கடிதத்திலை வாற ஆளும் இதைத்தானே நினைச்சவர்” என்றார். “நான் அதை எத்தினை தரம் வாசிச்சிருப்பன். ஒரு மனிசன் உண்மையா இப்பிடிச் சொல்லுவான் எண்டு யோசிக்கேல்லை.”

தன்னை விட்டுவிட்டு வாசித்துவிட்டோமே என்று மனேச்சருக்கு வேறு ஆதங்கம். அங்கேயே வாசிக்கச் சொன்னார். தாள் என் சட்டைப் பையில் இருந்தது. மைக் இல்லாமல் எதையும் வாசித்துப் பழகாதவன் நான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நாலு பேருக்குக் கேட்கிற அளவில் வாசித்தேன். பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டோடு இருந்த மயிலிட்டி மீனவர் ஒருவரும் நெற்றித் திருநீற்றோடு தலையைத் திருப்பிக் கேட்டார். இரண்டு பெண்களின் இடம் வந்ததும் தயங்கினேன்.

“விடாமல் வாசியுங்கோ” என்றார் மனேச்சரின் மனைவி.

தாளை மட்டும் பார்த்து வாசித்தேன்.

“ரெண்டு பேரையும் தனித்தனியா எல்லோ கெஞ்சுறார்” என்றார் தங்கை. “ஆரிலை பிழை எண்டு சொல்லேல்லை.”

“சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்” என்றார் மனைவி. ஆனாலும் போத்தலை வாங்கித் தண்ணீர் குடித்தார்.

அவர்கள் அன்றோடு உயிர்த்தோழிகளாகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். அடுத்த ஞாயிறு பாட்டுக் கொஞ்சம் மெல்லத் தொடங்கியதாகவும், ஓர்கன் கொஞ்சம் எட்டி நடந்ததாகவும், மூன்றாம் சரணமளவில் இரண்டும் சந்தித்ததாகவும் போதகர் பிறகு என்னிடம் சொன்னார்.

வாசித்து முடிந்ததும் மீனவர் கேட்டார்: “பிறகு அந்த மனிசனை மறியலாலை விட்டவையோ?”

“சரியாத் தெரியாது அண்ணை” என்றார் போதகர்.

“அந்தப் பொம்பிளையள் ராசியானவையோ?”

“அதுவும் தெரியாது.”

“ஊராக்கள் மறுமொழி போட்டவையோ?”

“போட்டிருந்தாலும் எங்களிட்டை இல்லை.”

மீனவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “திருப்பி ஒருக்கா வாசியுங்கோ. எங்கையாவது சொல்லியிருப்பார்” என்றார். நான் மறுபடியும் தொடங்க, பார்வை நேரம் முடிந்தது என்று தாதி வந்து எங்களைக் கலைத்துவிட்டார்.

“நேரே போய் அறிவியுங்கோ, நான் சாகேல்லை எண்டு” என்று மனேச்சர் பின்னால் கூப்பிட்டுச் சொன்னார்.

மச்சாள்மார் அங்கேயே நிற்க, போதகரை இறக்கிவிட்டு ஊருக்குள் போனேன். மைக்கை எடுத்து மனேச்சரின் பெயரைச் சொன்னதும் முதல் வீட்டில் ஒப்பாரி எழுந்தது. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. அதுவரை ஒருவரும் பொறுப்பதாக இல்லை. ஆகவே அடுத்த ஒழுங்கையில் தலைகீழாக மாற்றினேன்: “சாகவில்லை, சாகவில்லை! அன்னார் சுகமாக இருக்கிறார் என்பதை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் மட்டற்ற மகிழ்ச்சியோடு அறியத் தருகிறோம்!”

மகிழ்ச்சி என்ற சொல்லைச் சாவு அறிவிக்கிற அந்தக் குரலில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று ஒழுங்கைகளில் சொல்லிப் பழகிய பிறகுதான் அது கொஞ்சம் சரியாக வந்தது. மனேச்சரின் ஒழுங்கைக்குள் திரும்பினபோது, இறக்கின கதிரைகளை வீணாக்காமல் சனங்கள் அவற்றில் வசதியாக இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து எனக்கும் ஒரு கதிரையை விரித்து வைத்துவிட்டு, “இரு அண்ணை, அந்தச் சிறையிலை இருந்தவரின்ரை மிச்சக் கதையைச் சொல்லு” என்றார்.